ஓட வைத்தால் போதுமா? நிறுத்தவும் தெரிய வேண்டாமா?

பழைய மிதிவண்டி ஒன்று. அதன் சட்டத்தின் நடுவே, பழுதான புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து கழற்றிய எஞ்சின். பெட்ரோலுக்கு ஒரு பிளாஸ்டிக் புட்டி. கிள்ளானில் ஒரு கடைவீட்டின் பின்சந்திலோ, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்திலோ, படிவம் 4 படிக்கும் பையன் ஒருவன் மாதக்கணக்கில் அதனோடு மல்லுக்கட்டி, ஒரு நாள் மாலை அதை ஓட வைத்துவிடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அடுத்து என்ன நடக்கும்?

பெரியவர்களிடம் இதற்கு இரண்டே பதில்கள் உண்டு. ஒன்று, கைத்தட்டல். காணொளி எடுத்து, "நம்ம பையன் விஞ்ஞானி" என்று நாலு குழுவில் பகிர்ந்துவிடுவார்கள். இன்னொன்று, திட்டு. "எஸ்பிஎம் வருது, இது எதுக்கு உனக்கு?" என்று கேட்டுவிட்டு, எஞ்சினைத் தூக்கிப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவார்கள். சாலையில் அதிகாரிகள் கண்ணில் பட்டால் வண்டி பறிமுதல் ஆகும்.

இந்த இரண்டு பதிலும் அந்தப் பையனுக்கு உதவாது. கைத்தட்டுகிறவர் பிரேக்கைப் பார்ப்பதில்லை. திட்டுகிறவர் எஞ்சினைப் பார்ப்பதில்லை. வண்டியைச் செய்தது பாதி வேலைதான், அதை முறையாகச் சோதிப்பது மீதி வேலை என்று அவனுக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. அந்த இடம் காலியாக இருப்பதால்தான் அவன் சாலையைச் சோதனைக் கூடமாக்கிக் கொள்கிறான். அந்த இடத்தை நிரப்ப வேண்டியது நம் பொறுப்பு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஹமாமட்சு நகரில் ஒரு சோதனை ஓட்டம்

வீட்டில் செய்த மோட்டார் மிதிவண்டி என்றதும் முகம் சுளிப்பவர்கள், தங்கள் வாசலில் நிற்கும் காப்சாயை ஒரு முறை பார்க்க வேண்டும். அதன் பூர்வீகமே வீட்டில் செய்த மோட்டார் மிதிவண்டிதான்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ஓராண்டு. 1946ஆம் ஆண்டில் ஜப்பானில் பேருந்துகளிலும் ரயில்களிலும் நெரிசல். பெட்ரோலுக்கும் பங்கீடு. உணவுப் பொருள் தேடி மக்கள் தொலைதூரம் மிதிவண்டியில் அலைந்த காலம் அது. ஹமாமட்சு நகரில் சொய்ச்சிரோ ஹோண்டா என்ற மெக்கானிக்கின் கண்ணில், இராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்சாரம் தரப் பயன்பட்ட சிறிய எஞ்சின்கள் பட்டன. போர் முடிந்துவிட்டதால் அவற்றுக்கு வேலை இல்லை. மிதித்து அலையும் மனைவிக்கு இது உதவுமே என்று, அதில் ஒன்றை மிதிவண்டியில் பொருத்தினார். முதல் வண்டிக்கு எரிபொருள் தொட்டியாக இருந்தது, குளிர்காலத்தில் படுக்கையைச் சூடாக்க வெந்நீர் நிரப்பி வைக்கும் புட்டி.

முதலில் எஞ்சினை முன்பக்கம் வைத்து, ரப்பர் உருளை ஒன்று முன்சக்கரத்தில் உராய்ந்து வண்டியைத் தள்ளும்படி செய்தார். அந்தக் காலத்து டயர் அதைத் தாங்கவில்லை. உடனே அந்த அமைப்பைக் கைவிட்டு, எஞ்சினைச் சட்டத்தின் நடுவுக்கு மாற்றி, பெல்ட் மூலம் பின்சக்கரத்தைச் சுழல வைத்தார். ஒரு சோதனை, ஒரு தோல்வி, ஒரு திருத்தம்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். வண்டியை ஓட்டிப் பார்க்கும்படி மனைவி சச்சியிடமே கொடுத்தார். பெண்களால் இதைக் கையாள முடியுமா என்று தெரிந்துகொள்வது அவர் நோக்கம். சச்சி தம்மிடம் இருந்த நல்ல கால்சட்டையை அணிந்துகொண்டு, ஆள் நடமாட்டம் மிகுந்த தெருக்களில் ஓட்டிவிட்டு வந்தார். வந்து பார்த்தால், கால்சட்டை முழுக்க எண்ணெய்க் கறை. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோலும் எண்ணெயும் பின்பக்கமாகத் தெறித்திருக்கின்றன. இதை இப்படியே விற்றால் வாங்கியவர்கள் திரும்பி வந்து திட்டுவார்கள் என்று கணவரிடம் நேராகவே சொல்லிவிட்டார். வழக்கமாகத் தம் வேலையில் பிறர் தலையிட்டால் சீறுகிற ஹோண்டா, இந்த முறை யோசித்தார். விற்பனைக்குச் செய்த வண்டிகளில் அந்தக் குறையைச் சரிசெய்தார்.

பழைய இராணுவ எஞ்சின்கள் தீர்ந்ததும் 1947ல் சொந்தமாக 50 சிசி எஞ்சினை உருவாக்கினார். 1948ல் ஹோண்டா நிறுவனம் பிறந்தது. 1958ல் சூப்பர் கப் வந்தது. அதே ஆண்டு ஜப்பானுக்குப் போன பினாங்கு வணிகர் லோ பூன் சியூ அந்த வண்டியைக் கண்டு, மலாயாவுக்குக் கொண்டுவந்தார். அவரும் இளமையில் மெக்கானிக்காக வேலை பார்த்தவர். கப் என்ற பெயர் நம் நாட்டில் காப்சாய் ஆனது. தோட்டங்களில் பால் வாளிகளையும், பட்டணத்தில் பள்ளிப் பிள்ளைகளையும் சுமந்தது அந்த வண்டிதான். 2017ல் சூப்பர் கப் வரிசையின் உலக உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

ஹோண்டாவின் கதையைச் சொல்லும்போது அவர் எஞ்சினைப் பொருத்திய திறமையைத்தான் எல்லாரும் பேசுவார்கள். என் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அந்த எண்ணெய்க் கறை. ஓட்டியவர் குறை சொன்னார், செய்தவர் கேட்டுக்கொண்டார். அங்கேதான் ஒரு விளையாட்டுப் பொருள் வாகனமாக மாறியது.

அமெரிக்காவிலும் இதே பாடம். 1901ல் வில்லியம் ஹார்லி என்ற இளைஞர், மிதிவண்டியில் பொருத்த ஒரு சிறிய எஞ்சினுக்கு வரைபடம் போட்டார். நண்பர் ஆர்தர் டேவிட்சனோடு சேர்ந்து அதைச் செய்து முடித்தபோது, மில்வாக்கி நகரின் மேடுகளில் மிதிக்காமல் ஏற முடியவில்லை. அதைப் பாடமாக எடுத்துக்கொண்டு, பெரிய எஞ்சினோடு அதைத் தாங்கும் புதிய சட்டத்தையும் சேர்த்தே வடிவமைத்தார்கள். மிதிவண்டிச் சட்டத்தில் பெரிய எஞ்சினை அப்படியே திணித்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் சாலையில் நிலைமை வேறு

1946ஆம் ஆண்டின் ஹமாமட்சு தெருவும் இன்றைய கூட்டரசு நெடுஞ்சாலையும் ஒன்றாகாது. இதை மாணவர்கள் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, மோட்டார் வாகனம் சாலைக்கு வர வேண்டுமானால் பதிவு, சாலை வரி, காப்புறுதி, ஓட்டுநர் உரிமம் எல்லாம் வேண்டும். மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கவே 16 வயது நிறைந்திருக்க வேண்டும். பின்சந்தில் செய்த வண்டிக்குப் பதிவும் கிடையாது, காப்புறுதியும் கிடையாது. அது யார்மீதாவது மோதினால், உங்கள் சார்பில் அடிபட்டவருக்கு இழப்பீடு தரக் காப்புறுதி நிறுவனம் எதுவும் இருக்காது. உங்கள் அப்பாவின் சேமிப்பில்தான் கை வைக்க வேண்டியிருக்கும்.

மோப்பெட், மின் ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களைச் சாலையில் ஓட்டுவதற்குத் தடை விதிக்கும் 2021ஆம் ஆண்டு விதிமுறைகள் பற்றி, 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சு அறிவித்தது. ஆக, வீட்டில் செய்த பெட்ரோல் மிதிவண்டியைச் சாலையில் ஓட்ட வழியே இல்லை. மிதிப்பதற்குத் துணை செய்யும் மின்மோட்டார் பொருத்துகிறவர்களும், சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டுத் தெளிவு பெறாமல் வெளியே கொண்டு போகக் கூடாது.

இந்தக் கண்டிப்பு தேவையா என்று கேட்பவர்கள் 2017 பிப்ரவரி 18ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஜொகூர்பாருவில் அதிகாலை 3 மணிக்கு மேல், மாற்றியமைத்த மிதிவண்டிகளில் சாலையில் கூடியிருந்த பதின்ம வயதுப் பிள்ளைகள் மீது கார் மோதியதில் 8 பேர் இறந்தார்கள். பாசிக்கால் லாஜாக் என்ற சொல் அதன் பிறகுதான் நாடு முழுக்கப் பலருக்குத் தெரிந்தது. அவ்வகை வண்டிகளில் மோட்டார் இல்லை. பலவற்றில் பிரேக்கும் இருக்காது. வேகத்துக்காக எதையெல்லாம் கழற்றலாம் என்று யோசித்துச் செய்த வண்டிகள் அவை. அந்தப் பிள்ளைகளுக்கும் கைவேலை தெரிந்திருந்தது என்பதுதான் மனத்தை அறுக்கிறது. சக்கரம் கழற்றத் தெரிந்தது, ஹேண்டிலை மாற்றத் தெரிந்தது. அந்தத் திறமைக்கு ஒரு பட்டறையும் ஓர் ஆசானும் கிடைக்கவில்லை.

நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் 10க்கு 6 பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். பதிவுள்ள, சோதிக்கப்பட்ட வண்டிகளின் கதியே இப்படி என்றால், பின்சந்து வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சின்னக் கணக்கு

"நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்" என்று சொல்லும் தம்பி தங்கைகளுக்கு ஒரு கணக்கு. படிவம் 4 இயற்பியல் போதும்.

மணிக்கு 25 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். முன்னால் ஒரு பூனை குறுக்கே வருகிறது. அதைப் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் 1 விநாடி போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 7 மீட்டர் கடந்துவிடும். காய்ந்த சாலையில் நல்ல பிரேக், விநாடிக்கு விநாடி வேகத்தில் 5 மீட்டர் குறைக்கிறது என்று கொண்டால், நிற்க இன்னும் 5 மீட்டர். மொத்தம் 12 மீட்டர்.

இப்போது வேகத்தை 50க்கு ஏற்றுங்கள். வேகம் இரட்டிப்பானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். யோசிக்கும் விநாடியில் 14 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு ஏறக்குறைய 20 மீட்டர். மொத்தம் 34 மீட்டர். வேகம் 2 மடங்கு, நிற்கும் தூரம் கிட்டத்தட்ட 3 மடங்கு.

மாலை நேரத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மழை எப்போது கொட்டும் என்று யாருக்கும் தெரியாது. ஈரத்தில் பிரேக்கின் பிடி பாதியாகக் குறைந்தால், 50 கிலோமீட்டர் வேகத்தில் நிற்க 50 மீட்டருக்கு மேல் வேண்டும். சாதாரண மிதிவண்டியின் ரிம்மைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள், நாம் மிதித்துப் போகும் வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. எஞ்சினை மாற்றிவிட்டுப் பிரேக்கை மாற்றாமல் விடுவது, வீட்டுக்கு மாடி எழுப்பிவிட்டு அடித்தளத்தை மறந்த கதைதான்.

இன்னொரு கணக்கு. சாதாரணமாக மிதிக்கும் ஒருவர் நெடுநேரம் தரக்கூடிய சக்தி 100 வாட் அளவில்தான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில், மிதிப்பதற்குத் துணை செய்யும் மின் மிதிவண்டிக்கு வரம்பு 250 வாட். மணிக்கு 25 கிலோமீட்டரை எட்டியதும் மோட்டார் தானே ஓய்ந்துவிட வேண்டும். சிங்கப்பூரிலும் இதே 250 வாட், 25 கிலோமீட்டர் வரம்புதான். அந்த எண்கள் தற்செயலாக வந்தவை அல்ல. மிதிவண்டியின் சட்டமும் சக்கரமும் பிரேக்கும் எதைத் தாங்குமோ, அந்த வேகத்துக்குள் வண்டியை நிறுத்தி வைக்கும் எண்கள் அவை. பெட்டியில் விற்கும் இருவீச்சு எஞ்சின்களோ 1000 வாட்டுக்கும் மேல் தரக்கூடியவை.

"250 வாட் மேடு ஏறுமா?" என்று கேட்பீர்கள். ஆளும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ. 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மேடு. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் ஏறக்குறைய 200 வாட் வேண்டும். மோட்டாரோடு நீங்களும் கொஞ்சம் மிதித்தால் வண்டி ஏறிவிடும். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 360 வாட்-மணி. கிலோமீட்டருக்கு 12 வாட்-மணி செலவானால் 30 கிலோமீட்டர் போகலாம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குள்ள தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். வீட்டு மின்கட்டணத்தில் அரை யூனிட்டுக்கும் குறைவு. 2021ல் மதுரையில் கல்லூரி மாணவர் ஒருவர், சூரிய ஒளித் தகட்டால் பேட்டரிக்கு மின்னேற்றும் மிதிவண்டியைச் செய்து காட்டிச் செய்திகளில் இடம்பெற்றார். புதிதாகச் செய்ய விரும்பும் மாணவருக்கு என் பரிந்துரை, புல்வெட்டும் எஞ்சினை விட்டுவிட்டு இந்தப் பக்கம் வாருங்கள் என்பதுதான். சத்தம் இல்லை, புகை இல்லை, மின்னியல் பாடம் இலவசம்.

எது உடையும் என்று முதலில் கேளுங்கள்

வண்டி செய்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எவ்வளவு வேகம் போகும்?" என்பதாக இருக்கக் கூடாது. "எது முதலில் உடையும்?" என்று கேட்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இதைத்தான் கேட்பார்கள்.

சக்கரத்தின் நடுவில் பொருத்தும் மின்மோட்டார், சக்கரத்தை ஒரு பக்கம் திருப்பும்போது தன் அச்சை எதிர்ப்பக்கம் திருப்பப் பார்க்கும். அச்சு உட்கார்ந்திருக்கும் பிளவு வலுவாக இல்லையென்றால், அது விரிந்துகொடுத்து அச்சு சுழன்றுவிடும். மின்கம்பிகள் முறுக்கி அறுந்து, சக்கரமே கழன்று போகலாம். அச்சைத் திருகவிடாமல் சட்டத்தோடு பிடித்துவைக்கும் ஓர் இரும்புத் தகடு இதைத் தடுக்கும். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அது இல்லாமல் ஓட்டுவதற்கு ஆகும் செலவு பல்லும் தாடையும். அலுமினிய முன்கவையில் மோட்டார் பொருத்துவதைத் தவிருங்கள். அலுமினியம் வளைந்து எச்சரிக்காமல் சட்டென்று முறியக்கூடியது.

பெட்ரோல் எஞ்சின் பொருத்திய வண்டியில், சங்கிலியை இறுக்கிவைக்கும் உருளை அதிர்வில் நழுவிச் சக்கரக் கம்பிகளுக்குள் போய் மாட்டிக்கொள்வது தெரிந்த ஆபத்து. பின்சக்கரம் அந்த நொடியே இறுகி நின்றுவிடும். எஞ்சின் அதிர்வால் ஆணிகள் தளரும். ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் எல்லா ஆணிகளையும் இறுக்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

லித்தியம் பேட்டரியோடு விளையாடவே கூடாது. பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய மின்கலங்களை ஒட்டுப்போட்டு, பாதுகாப்பு மின்சுற்று இல்லாமல், இரவு முழுக்கப் படுக்கையறையில் மின்னேற்றுவது வீட்டையே எரிக்கும் வழி. பாதுகாப்புச் சுற்றோடு வரும் பேட்டரியை, அதற்குரிய சார்ஜரில், ஆள் விழித்திருக்கும் நேரத்தில், தீப்பற்றும் பொருள்கள் அருகில் இல்லாத இடத்தில் மின்னேற்றுங்கள். வீட்டின் வெளிவாசலை அடைத்துக்கொண்டு வைக்காதீர்கள். தீப்பிடித்தால் வெளியே வர உங்களுக்கு இருப்பது அந்த ஒரு வழிதான்.

மோட்டாரை உடனே அணைக்கும் சுவிட்ச் கட்டைவிரலுக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பிரேக்கைப் பிடித்ததும் மோட்டார் தானாக ஓயும்படி செய்வது மின்வண்டியில் எளிது. இவை இரண்டும் வேலை செய்யாத வண்டியை யாரும், எங்கும் ஓட்டக் கூடாது.

சோதனைக்கும் ஒரு முறை உண்டு

முதலில் வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, சக்கரம் தரையைத் தொடாமல் மோட்டாரை ஓட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் கழித்து எது சூடாகிறது, எது தளர்கிறது என்று தொட்டும் திருகியும் பாருங்கள். அடுத்து, மோட்டாரை இணைக்காமல், வெறும் மிதிவண்டியாகவே ஓட்டிப் பிரேக்கை மட்டும் சோதியுங்கள். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டில் பிரேக் பிடித்து, எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். காய்ந்த தரையில் 5 முறை, தண்ணீர் ஊற்றிய தரையில் 5 முறை. அதன் பிறகுதான் மோட்டார். அதுவும் நடக்கும் வேகத்தில் தொடங்கி, ஒவ்வொரு படியாக.

இதெல்லாம் வேலியடைத்த இடத்தில், உரிமையாளரின் அனுமதியோடு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது நடக்க வேண்டும். சிரிம் முத்திரையுள்ள தலைக்கவசம், கையுறை, மூடிய காலணி கட்டாயம். ஞாயிற்றுக்கிழமை வெறிச்சோடிக் கிடக்கும் தொழிற்பேட்டைச் சாலை வேலியடைத்த இடம் ஆகாது. அங்கேயும் லாரி வரும்.

இவை எல்லாவற்றையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். தேதி, என்ன மாற்றினேன், என்ன நடந்தது. நாளை ஒரு தொழில்நுட்பக் கல்லூரியின் நேர்முகத் தேர்வில் உட்காரும்போது, வேகமாக ஓடும் காணொளியைவிட அந்த நோட்டுப் புத்தகம் உங்களைப் பற்றி அதிகம் பேசும். ஹோண்டாவுக்குச் சச்சி இருந்ததுபோல, உங்கள் வண்டியை ஓட்டிப் பார்த்து முகத்துக்கு நேரே குறை சொல்லும் ஒருவரையும் தேடிக்கொள்ளுங்கள். அது உங்கள் அக்காவாக இருந்தால் இன்னும் நல்லது. பட்டறை ஆண்பிள்ளைகளின் இடம் என்ற நினைப்பும் அதோடு ஒழியும்.

இடம் கொடுத்தால் ஆபத்து குறையும்

இப்போது பெரியவர்களிடம் வருகிறேன். மாணவருக்கு இவ்வளவு சொல்கிறோமே, வேலியடைத்த இடத்துக்கு அவர் எங்கே போவார்?

தமிழ்ப்பள்ளிகளில் நிலைமை நன்றாகவே இருக்கிறது. அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்கச் சங்கமான அஸ்தியின் அறிவியல் விழாவுக்காகப் பிள்ளைகள் ஆர்வமாக உழைக்கிறார்கள். புத்தாக்கப் போட்டிகளில் அவர்கள் வாங்கும் பதக்கங்களைப் பற்றி அடிக்கடி படிக்கிறோம். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அந்தச் சத்தம் அடங்கிவிடுகிறது. படிவம் 1 முதல் 3 வரை வடிவமைப்பும் தொழில்நுட்பமும் என்ற பாடம் இருக்கிறது. அதன் பிறகு அறிவியல் பிரிவு மாணவர் டியூஷனுக்கு ஓடுகிறார். மதிப்பெண் குறைந்த மாணவர், கையில் ஸ்பேனரோடு பின்சந்துக்குப் போகிறார். இருவரும் ஒரே பட்டறையில் நின்றிருந்தால், ஒருவர் கணக்கைப் போட்டிருப்பார், மற்றவர் ஆணியை இறுக்கியிருப்பார்.

இடம் கொடுத்தால் ஆபத்து குறையும் என்பதற்குச் சான்று நம் வாசலிலேயே இருக்கிறது. கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கெனத் தனிப்பாதை 1970களின் தொடக்கத்தில் அமைந்தது. 1990களில் ஷா ஆலம் பகுதியில் அது நீட்டிக்கப்பட்டபோது, மோட்டார் சைக்கிள் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்ததை ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஓட்டுநர்களின் குணம் ஒரே இரவில் மாறிவிடவில்லை. அவர்களுக்கென ஓர் இடம் கிடைத்தது.

சிப்பாங் பந்தயத் தளத்தில் 2010 முதல் சில ஆண்டுகளும் மீண்டும் 2019லும் ஷெல் இக்கோ-மராத்தான் போட்டி நடந்தது. மாணவர்கள் தாங்களே செய்த வாகனங்களைக் குறைந்த எரிபொருளில் அதிக தூரம் ஓட்டும் போட்டி அது. அங்கே தொழில்நுட்பச் சோதனையில் தேறாத வண்டி பந்தயத் தளத்துக்குள் போக முடியாது. 20 விழுக்காடு சரிவில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு பிரேக்கும் தனித்தனியாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். வண்டி நகர்ந்தால் திரும்பிப் போய்ச் சரிசெய்து கொண்டு வர வேண்டும். அந்த மாணவர்களை யாரும் சமூக விரோதிகள் என்று சொல்வதில்லை. காரணம், அவர்கள் செய்ததைச் சோதிக்க ஒரு முறையும் ஓர் இடமும் இருந்தன.

இதையே சிறிய அளவில் நாம் செய்யலாம். கிள்ளான் பள்ளத்தாக்கில் தொழில்திறன் கல்லூரிகளும் பயிற்சிக் கழகங்களும் இருக்கின்றன. வார இறுதியில் அவற்றின் வளாகங்களில் கார் நிறுத்துமிடங்கள் காலியாகவே கிடக்கின்றன. பள்ளித் தவணைக்கு ஒரு சனிக்கிழமை, ஒரு வளாகம், இரண்டு பயிற்றுநர்கள், ஒரு முதலுதவிக் குழு, ஒரு பக்கச் சோதனைப் பட்டியல். பிரேக்கில் தேறினால் ஓட்டலாம், தேறாவிட்டால் ஸ்பேனர் தருகிறோம், இங்கேயே சரிசெய். பொது இயக்கங்களும் முன்னாள் மாணவர் சங்கங்களும் நினைத்தால் முடியாத காரியமா? கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடத் தெரிந்த சமூகத்துக்கு, 4 கூம்புகள் வைத்து ஒரு பாதை போடத் தெரியாதா?

"இப்படி இடம் கொடுத்தால் பிள்ளைகள் சாலையிலும் ஓட்டத் துணிவார்களே?" என்று பெற்றோர் கேட்பது நியாயமான கேள்வி. துணிகிறவர் சிலர் இருக்கத்தான் செய்வார்கள். இப்போது மட்டும் அவர்கள் துணியாமலா இருக்கிறார்கள்? சுண்ணாம்புக் கோட்டில் பிரேக் பிடித்து, ஈரத்தரையில் வண்டி தன் கண் முன்னே பல மீட்டர் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்த பையன், அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுபோக ஒரு முறைக்கு இரு முறை யோசிப்பான். அறிவுரை செய்யாததை அந்த அளவுநாடா செய்யும். சோதனை நாளில் ஓட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டிப் பிடிபட்டால் மறுபடி இடமில்லை என்ற விதியையும் சேர்த்துக்கொள்வோம்.

இந்தப் பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்பு இல்லாமலும் இல்லை. மலேசியத் திறன் சான்றிதழ் 1, 2, 3 என்று படிப்படியாக எடுத்து, 4ஆம் நிலையில் டிப்ளோமா, 5ஆம் நிலையில் உயர்நிலை டிப்ளோமா வரை போக வழி உண்டு. நம் சாலைகளில் மின்வாகனங்கள் பெருகி வருகின்றன. பேட்டரியையும் மோட்டாரையும் பயமின்றி, ஆனால் கவனத்தோடு கையாளத் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடத்தான் செய்யும். பின்சந்தில் எஞ்சினைத் திருகிக்கொண்டிருக்கும் பையன், யாராவது வழிகாட்டினால் அந்த வேலைக்குத் தயாராகிறவன். வழிகாட்டாவிட்டால் அவன் போலீஸ் பதிவேட்டில் ஒரு வரி. அல்லது, சொல்லவே நா கூசுகிறது, பத்திரிகையின் இரங்கல் பக்கத்தில் ஒரு படம்.

ஆகவே, அடுத்த முறை ஒரு பையன் உங்களிடம் ஓடிவந்து, "அண்ணே, வண்டி ஓடுது பாருங்க" என்றால், கைத்தட்டவும் வேண்டாம், திட்டவும் வேண்டாம். "நல்லது தம்பி. எங்கே, நிறுத்திக் காட்டு" என்று கேளுங்கள். பிறகு அவனோடு குனிந்து அந்தப் பிரேக்கைப் பாருங்கள்.